மேற்கே மூட்டம், எதிரே பத்து மாடி, மேலே வளர்பிறை: தாம்பரத்திலிருந்து சூச்சின்ஷான்–அட்லஸ் வால்மீனைப் பிடிக்க முடியுமா?

மாடிவானம் | 13 அக்டோபர் 2024, இரவு 8:10

வணக்கம். சூச்சின்ஷான்–அட்லஸ் (சி/2023 ஏ3) வால்மீன் 12ஆம் தேதியிலிருந்து மாலை வானத்துக்கு வந்துவிட்டது என்று எல்லா இடத்திலும் படம் வருகிறது. இடம் மேற்குத் தாம்பரம், மூன்றாம் மாடிக்கு மேல் மொட்டை மாடி. நேற்றும் இன்றும் 6:45இலிருந்து 7:15 வரை மேற்கில் தேடியும் ஒன்றும் தென்படவில்லை. அடிவானத்தை ஒட்டி வெளிர் ஆரஞ்சு மூட்டம். எதிரே 100 மீட்டரில் பத்து மாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கிறது.

கையில் இருப்பவை: 10×50 பைனாகுலர், 70 மி.மீ. ரிஃப்ராக்டர் என்ற லென்ஸ் டெலஸ்கோப் (குவியத் தூரம் 700 மி.மீ., 25 மி.மீ. ஐபீஸ்), கிராப் சென்சார் (சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர் கேமரா, 18–55 கிட் லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், டிரைபாட்.

கேள்விகள்: எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் தேட வேண்டும்? மேக்னிடியூட் (பிரகாச எண், குறையக் குறையப் பிரகாசம் கூடும்) 0 என்கிறார்கள், அப்படியென்றால் வெறும் கண்ணுக்கே தெரிய வேண்டாமா? பைனாகுலரா, டெலஸ்கோப்பா? மழை வேறு வரப்போகிறது. எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது?

---

அந்திக்கோணம் | 13 அக்டோபர், இரவு 9:25

நீங்கள் தேடிய நேரம்தான் முதல் சிக்கல். வானம் நன்றாக இருட்டட்டும் என்று காத்திருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அது சரி, சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்மீனுக்குச் சரிவராது. இருட்ட இருட்ட அதுவும் இறங்கிக்கொண்டே போகும்.

இன்றைய கணக்கையே பாருங்கள். சென்னையில் சூரியன் மறைந்தது 5:51 வாக்கில். நம் அட்சரேகையில் வானம் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி போய்விடும். 6:20க்கு வால்மீன் அடிவானத்திலிருந்து சுமார் 9 டிகிரி உயரத்தில் இருந்தது, 6:36க்கு 5 டிகிரி, நீங்கள் தேடத் தொடங்கிய 6:45க்கு 3 டிகிரிதான். அந்த நேரத்தில் அது பத்து மாடிக்குப் பின்னால். உங்கள் மாடியிலிருந்து அந்தக் கட்டடம் 20 மீட்டர் உயரமாகத் தெரிந்தால், 100 மீட்டர் தூரத்தில் அது 11 டிகிரியை மறைக்கும்.

கட்டடமே இல்லாவிட்டாலும் 3 டிகிரியில் பார்த்திருக்க முடியாது. தலைக்கு மேலே பார்க்கும்போது நம் பார்வை கடக்கும் காற்றை ஒரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியில் 2 மடங்கு, 20இல் ஏறக்குறைய 3, 10இல் 5.6, 5இல் 10 மடங்குக்கு மேல், 3இல் 15 மடங்கு. கடற்கரை நகரத்துத் தூசியும் ஈரமும் சேர்ந்து ஒரு மடங்குக்கு 0.4 மேக்னிடியூட் விழுங்கும் என்று குறைவாகவே வைப்போம். 10 டிகிரியில் 2.2 மேக்னிடியூட் போய்விடும். 5 டிகிரியில் 4. 3 டிகிரியில் 6. மேக்னிடியூட் 0 அங்கே 6 ஆகிவிடுகிறது, அதுவும் ஆரஞ்சு மூட்டத்துக்குள்.

இதோடு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக்னிடியூட் 0 என்பது வால்மீனின் மொத்த ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்தால் வரும் எண். சுவாதி நட்சத்திரமும் ஏறக்குறைய அதே எண்தான், ஆனால் அது புள்ளி. வால்மீனின் ஒளி தலையிலும் வாலிலும் பரவிக் கிடக்கிறது. ஆகவே எண்ணை நம்பி சுவாதி போல ஒளிரும் ஒன்றைத் தேடாதீர்கள். நகரத்தில் முதலில் தெரிவது ஃபோகஸ் சரியில்லாத சிறு நட்சத்திரம் போன்ற தலை. அதற்கு மேலே ஒன்றிரண்டு டிகிரி நீளத்துக்கு மங்கலான கோடு. படங்களில் வரும் நீண்ட வாலுக்குக் காரணம் இருண்ட இடமும், பல நொடி எக்ஸ்போஷரும், அடுக்கிச் சேர்த்த பல படங்களும்.

நல்ல சேதி: சூரியனிலிருந்து அது நாளுக்கு 5 டிகிரி அளவுக்கு விலகி மேலே ஏறுகிறது. நாளை 14ஆம் தேதி 6:35க்கு சுமார் 11–12 டிகிரி. 15ஆம் தேதி அதே நேரத்தில் 18 டிகிரி வரும். 17ஆம் தேதி 26–27. கெட்ட சேதியும் உண்டு: நாளுக்கு அரை மேக்னிடியூட் வீதம் மங்குகிறது. 9ஆம் தேதி வாக்கில் அது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஏறக்குறைய நேர்கோட்டில் வந்தபோது தூசியில் ஒளி நம் பக்கமாகச் சிதறியதால் மிகப் பிரகாசமாகிவிட்டது. சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களில் அதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோணம் மாறிவிட்டது. நேற்று 12ஆம் தேதிதான் பூமிக்கு மிக அருகில், சுமார் 7 கோடி கி.மீ. தூரத்தில் கடந்தது. இனி தூரமும் கூடும்.

ஏறுவதும் மங்குவதும் ஒன்றையொன்று ஈடுகட்டும் நாட்கள் 14, 15, 16. நிலவு இல்லாவிட்டால் 18, 19ஐயும் சேர்த்திருப்பேன்.

நாளைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 6:05க்குள் எல்லாம் தயாராக நிற்கட்டும். 6:12க்கு சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே போயிருக்கும், அப்போதே பைனாகுலரில் தேடத் தொடங்குங்கள். 6:20இலிருந்து 6:40 வரைதான் உங்கள் உண்மையான வாய்ப்பு. அந்த 20 நிமிடத்தில் மொபைலைத் திறக்காதீர்கள்.

சூரியன் முழுதாக மறையும்வரை பைனாகுலரை மேற்குப் பக்கம் திருப்பவே கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் 5:55 வரை கருவியை பையிலேயே வையுங்கள்.

---

ஏரிக்கரை | 13 அக்டோபர், இரவு 10:02

நேரத்தைப் பற்றி அந்திக்கோணம் சொன்னது முழுக்கச் சரி. இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

சென்னையில் பலரும் பழக்கத்தில் கடற்கரைக்கு ஓடுகிறார்கள். செப்டம்பர் கடைசியில் இது விடியற்காலை கிழக்கில் தெரிந்தபோது கடற்கரைதான் சரியான இடம். இப்போது மாலை, மேற்கு. மெரினாவில் நின்று மேற்கே பார்த்தால் முழு நகரத்து வெளிச்சமும் தூசியும் உங்களுக்கும் வால்மீனுக்கும் நடுவில் வந்துவிடும். நகரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு மேற்கே போக வேண்டும்.

நம் வடமாவட்டங்களில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் பெரிய ஏரிகளின் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். கரைமேல் நின்றால் மேற்கே தண்ணீர் விரிந்து கிடக்கும், கட்டடம் இல்லை, அடிவானம் ஒரு டிகிரி வரை திறந்திருக்கும். மாலை வால்மீனுக்கு ஏரிக்கரையைப் போல வாய்ப்பான இடம் சமவெளியில் வேறு இல்லை. ஆனால் உபரிநீர் திறக்கும் ஏரி என்றால் கரைக்குப் போகவே வேண்டாம், நீர்வளத் துறை தடுப்பு வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். புல்லுக்குள் கால் வைக்காமல் கரைமேல் உள்ள பாதையிலேயே நில்லுங்கள், மழைக்கு முன் பாம்பு மேடேறும்.

அடுத்து மேகம். தலைக்கு மேலே மேகம் இருக்கிறது என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். தலைக்கு மேலே இருப்பது உங்களுக்குத் தடையே இல்லை. 10 டிகிரி உயரத்தில் பார்க்கும்போது பார்வைக்கோடு 2 கி.மீ. உயர மேகத்தை 11 கி.மீ. தொலைவில் கடக்கிறது, 10 கி.மீ. உயரக் கீற்று மேகத்தை 57 கி.மீ. தொலைவில். தாம்பரத்திலிருந்து நேர் மேற்கே 11 கி.மீ. என்ன இருக்கிறது, 57 கி.மீ. என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஸ்ரீபெரும்புதூரையும் தாண்டி, காஞ்சிபுரம் அரக்கோணம் பக்கத்து வானம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கு வானிலை ஆய்வு மையத்தின் இன்சாட் செயற்கைக்கோள் படம் போதும். மாலை 4:30, 5:00, 5:30 படங்களை வரிசையாக வைத்து மேகம் நகரும் திசையைக் கவனியுங்கள். மதியம் உள்மாவட்டங்களில் எழும் இடிமேகம் மாலையில் தட்டையான குடை போல விரியும். மழை எங்கோ பெய்துகொண்டிருக்கும், அதன் குடை 100 கி.மீ. தள்ளி உங்கள் மேற்கு வானத்தை மூடும். ரேடார் படத்தில் இது தெரியாது, ஏனென்றால் ரேடார் காட்டுவது மழைத்துளியை. அகச்சிவப்புச் செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

மூட்டம் எவ்வளவு என்று 5 மணிக்கே தெரிந்துகொள்ள ஒரு வழி: ஒரு கம்பத்தின் நிழலில் நின்று, சூரியன் கம்பத்துக்குப் பின்னால் முழுதாக மறையும்படி வைத்து, சுற்றியுள்ள வானத்தைப் பாருங்கள். கம்பத்தை ஒட்டியே நீலம் தெரிந்தால் அருமையான நாள். கை அகலத்துக்குப் பால்வெள்ளையாக இருந்தால் 10 டிகிரிக்குக் கீழே எதுவும் கிடைக்காது, அன்றைக்கு 15 டிகிரிக்கு மேல் இருக்கும் நேரத்திலேயே பார்த்து முடிக்க வேண்டும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காற்று கழுவிவிட்டது போல இருக்கும். மழையைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள், அதன் இடைவெளிகளில்தான் சென்னைக்கு ஆண்டிலேயே தெளிந்த வானம் வாய்க்கிறது.

---

மாடிவானம் | 13 அக்டோபர், இரவு 10:40

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. ஒரு குழப்பம்: மொபைல் செயலி ஒன்று வால்மீனைத் தென்மேற்கில் காட்டுகிறது, ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் அந்த வால்மீனே இல்லை. எதை நம்புவது? ஒளி மாசுக்கு யூஎச்சி ஃபில்டர் வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

---

இருகுழல் | 13 அக்டோபர், இரவு 11:15

செயலியில் வால்மீன் இருக்கும் இடம் சரியாகவே இருக்கலாம், மொபைலின் திசைகாட்டி தவறு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் கம்பி, தண்ணீர்த் தொட்டி இரும்பு, கார் எல்லாமே அதை 10–20 டிகிரி திருப்பிவிடும். திசைக்கு மொபைலை நம்பாமல் வெள்ளிக் கோளை நம்புங்கள்.

ஸ்டெல்லேரியம் கணினிப் பதிப்பில் புதிய வால்மீன்கள் தானாக வராது. எஃப்2 அழுத்தி, பிளகின்ஸ் பகுதியில் சோலார் சிஸ்டம் எடிட்டரைத் தேர்ந்து, தொடங்கும்போதே ஏற்றும்படி குறியிட்டு, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பிறகு அதே இடத்தில் கான்ஃபிகர் அழுத்தி, மைனர் பிளானட் சென்டர் (சிறுகோள், வால்மீன் தகவல் மையம்) தரும் சுற்றுப்பாதை எண்களை இறக்குமதி செய்யும் பகுதிக்குப் போய், வால்மீன் பட்டியலை இறக்கி, இதைத் தேர்ந்து சேர்த்துவிடுங்கள். சில மாதங்களுக்கு முன் சேர்த்த பழைய எண்கள் இருந்தால் அவற்றையும் புதுப்பியுங்கள். அங்கே காட்டும் மேக்னிடியூட்டைப் பொருட்படுத்த வேண்டாம், அது சூத்திரம் போடும் எண். இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளை 6:30 வாக்கில் வானம் இப்படி இருக்கும். தென்மேற்கில் சுமார் 17–18 டிகிரியில் வெள்ளி, தவறவே முடியாது. மேற்கு–வடமேற்கில் 9 டிகிரி அளவில் சுவாதி, மூட்டத்தில் செம்மஞ்சளாகத் துடிக்கும். இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டில் பாதியைச் சற்றுத் தாண்டி, சுவாதி பக்கமாக, நேர் மேற்கில் வால்மீன். உங்கள் 10×50இன் பார்வை வட்டம் 6.5 டிகிரி இருக்கும். வெள்ளியிலிருந்து வலப்பக்கம் நான்கு வட்டம் நகர்ந்து, ஒரு வட்டம் இறங்கினால் அங்கேதான். 15ஆம் தேதி அதே கோட்டுக்கு ஒரு வட்டம் மேலே தேடுங்கள்.

கையை நீட்டிப் பிடித்த முட்டி 10 டிகிரி, நடு மூன்று விரல்கள் 5 டிகிரி. அடிவானம் மறைந்திருந்தால் அதிலிருந்து அளக்காதீர்கள், வெள்ளியிலிருந்து அளந்து வாருங்கள்.

பைனாகுலர் பற்றி. ஃபோகஸ் சற்று விலகினாலே மங்கலான பொருள் பின்னணியில் கரைந்துவிடும், இதனால்தான் பலர் வால்மீன்மேலேயே பார்வையை ஓட்டிவிட்டு இல்லை என்கிறார்கள். 6 மணிக்கு வெள்ளியைப் பார்த்து, வலக் கண்ணை மூடி நடு வளையத்தால் இடக் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். பிறகு இடக் கண்ணை மூடி வலது ஐபீஸ் வளையத்தால் வலக் கண்ணுக்கு. வெள்ளி எவ்வளவு சிறிதாகுமோ அவ்வளவு சிறிதாக்கி, ஒரு சிறு டேப் ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள். அந்த 20 நிமிடத்தில் ஃபோகஸைத் தொடக்கூடாது.

கையில் பிடித்தால் 10 மடங்குப் பெருக்கம் ஆடும். டிரைபாடில் மாட்ட எல் வடிவ அடாப்டர் கிடைக்கிறது, பெரும்பாலான 10×50இல் முன் இணைப்பின் மூடியைத் திருகி எடுத்தால் கால் அங்குலத் திருகு துளை இருக்கும். அடாப்டர் இல்லாவிட்டால் துடைப்பக் கட்டையை நிறுத்தி அதன் தலையில் பைனாகுலரை அமர்த்திப் பிடியுங்கள், ஆட்டம் பாதியாகக் குறையும். பார்வையை வேகமாக வீசாதீர்கள். வட்டத்துக்கு 5 நொடி நில்லுங்கள், அடுத்த வட்டம் முந்தியதில் பாதியை மூடட்டும். சந்தேகமான இடத்தில் டிரைபாடை விரலால் லேசாகத் தட்டுங்கள். அசையாத மங்கலைக் கண் மறந்துவிடும், அசைந்தால் பிடித்துக்கொள்ளும். நேராக உற்றுப் பார்க்காமல் 10–15 டிகிரி தள்ளிப் பார்ப்பதும் இதற்கு உதவும்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்து வந்தால் லென்ஸ் முழுதும் ஆவி படியும், துடைத்தாலும் மறுபடி படியும். 5:30க்கே வெளியே வைத்துவிடுங்கள்.

ரிஃப்ராக்டரை இப்போதைக்கு ஒதுக்குங்கள். 25 மி.மீ. ஐபீஸில் 28 மடங்கு, பார்வை வட்டம் 2 டிகிரிகூட இராது. தேடுவதற்கு அது ஊசித்துளை. பைனாகுலரில் பிடித்த பிறகு தலையின் நடுவிலுள்ள பிரகாசமான கருவைப் பார்க்க அதைத் திருப்பலாம்.

யூஎச்சி வாங்க வேண்டாம். அது நெபுலாக்களின் ஆக்சிஜன், ஹைட்ரஜன் கோடுகளுக்காகச் செய்தது. வாயு மிகுந்த பச்சை வால்மீன்களுக்கு 511–514 நானோமீட்டர் பக்கம் கார்பன் மூலக்கூறின் ஒளிப்பட்டை உண்டு, அதற்கென்றே தனி ஃபில்டரும் உண்டு. ஆனால் இது தூசி மிகுந்த வால்மீன். தூசி சூரிய ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது, எந்த ஒளிப்பட்டை ஃபில்டரைப் போட்டாலும் வானத்தோடு சேர்ந்து அதுவும் மங்கும். அந்தப் பணத்துக்கு டிரைபாட் அடாப்டர் வாங்குங்கள்.

ஏமாற்றும் பொருள்கள் இரண்டு. ஒன்று, விமானப் புகைக்கோடு. மறைந்த சூரியனின் ஒளி பட்டு ஆரஞ்சாக, வாலோடு அசல் வால்மீன் போலவே நிற்கும். ஒரு கம்பத்தையோ மரக்கிளையையோ வைத்து 3 நிமிடம் கவனியுங்கள்: புகைக்கோடு நகரும், அகலும், உருமாறும். வால்மீன் ஒரு டிகிரிக்கும் குறைவாக இறங்கும், வடிவம் மாறாது. வாலின் திசையும் அடையாளம், மறைந்த சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக, ஏறக்குறைய நேர் மேலே நிற்க வேண்டும். இரண்டு, 15ஆம் தேதி வால்மீன் எம்5 கோளவடிவ நட்சத்திரக் கூட்டத்துக்கு மிக அருகே வருகிறது, ஒரே பைனாகுலர் வட்டத்துக்குள். எம்5இன் மேக்னிடியூட் 5.7. வட்டமான, வாலில்லாத பஞ்சுத் துணுக்கு மட்டும் தெரிந்தால் அது எம்5, வால்மீன் பக்கத்தில்தான் இருக்கும், தேடுங்கள். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அதைவிட அழகான காட்சி இந்த மாதத்தில் இல்லை.

---

ஐம்பது_மிமீ | 14 அக்டோபர், காலை 6:50

கேமரா வைத்திருக்கிறீர்கள், அதையே தேடும் கருவியாக்குங்கள். பிரகாசமான பின்னணியில் சிறு வேறுபாட்டைக் கண்ணைவிட சென்சார் நன்றாகப் பிரிக்கும். கேமராவில் முதலில் இடத்தை உறுதிசெய்து, பிறகு பைனாகுலரை அங்கே திருப்புவதுதான் மூட்டமான நாளில் சிறந்த வரிசை.

கிட் லென்ஸ் வேண்டாம், 55இல் எஃப் 5.6 ஆகிவிடும். 50 மி.மீ.ஐ செங்குத்தாக வையுங்கள், உயரவாக்கில் 25 டிகிரி அடங்கும். கீழ் விளிம்பில் கட்டடத்தின் உச்சி ஒரு கீற்றாகத் தெரியட்டும். எஃப் 1.8இல் ஓரங்கள் சிதையும், 2.2 அல்லது 2.8 வையுங்கள். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவில் 10 மடங்கு பெருக்கி வெள்ளியில் சரிசெய்து டேப் ஒட்டுங்கள். லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கும் இடம் உண்மையான முடிவிலி அல்ல. லென்ஸில் அதிர்வுக் குறைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், டிரைபாடில் அதுவே படத்தைக் கலைக்கும். ரா கோப்பு, வெயில் வெள்ளைச்சமன், 2 நொடி டைமர்.

6:20க்கு ஐஎஸ்ஓ 400, அரை நொடியிலிருந்து 1 நொடி. 6:35க்கு ஐஎஸ்ஓ 800, 2–3 நொடி. 4 நொடிக்கு மேல் போனால் 50 மி.மீ. கிராப்பில் நட்சத்திரம் இழுபடும். எண்ணைவிட ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளிப்பரவல் வரைபடத்தை) நம்புங்கள்: மேடு இடமிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிற்கட்டும். வானம் வெளுத்துவிட்டால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள். வெளுத்த படத்தில் வால்மீன் இருந்தாலும் மீட்க முடியாது, கருத்த படத்திலிருந்து மீட்கலாம். எடுத்ததும் பின்திரையில் பெருக்கி, மையத்திலிருந்து மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். மேல் நோக்கிய விசிறி போன்ற கீற்று கண்ணில் படும்.

ஃபில்டரில் நான் இருகுழலோடு ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். கண்ணுக்கு எதுவும் உதவாது, உண்மை. கேமராவுக்கு ஆழ்ந்த சிவப்பு ஃபில்டர், 600 நானோமீட்டருக்குக் கீழே வெட்டுவது, உதவும். அந்தி வானம் நீலமாகச் சிதறுகிறது, தூசி வால் சூரிய நிறம். நீலத்தை வெட்டினால் வானம் கருக்கும், வால் அந்த அளவுக்குக் கருக்காது. மூட்டத்தையும் சிவப்பு ஓரளவு ஊடுருவும். ஃபில்டர் இல்லாவிட்டால் ரா கோப்பின் சிவப்புச் சேனலை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள், பாதிப் பயன் இலவசமாகக் கிடைக்கும். போலரைசரால் பயனில்லை. வான ஒளியின் முனைவாக்கம் சூரியனிலிருந்து 90 டிகிரியில்தான் உச்சம், வால்மீன் 25 டிகிரி பக்கத்திலேயே இருக்கிறது. ஒளியை மட்டும் இழப்பீர்கள்.

வால்மீனைப் பிடித்துவிட்டால் அதே அமைப்பில் 30–40 படம் எடுங்கள். சீக்வேட்டர், சிரில் போன்ற படம் அடுக்கும் மென்பொருளில் அடுக்கலாம். இது நாளுக்கு 6 டிகிரிக்கு மேல் ஓடுகிறது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரிக்கு 3,600 ஆர்க் செகண்ட்). 50 மி.மீ. லென்ஸில் கிட்டத்தட்ட ஒரு பிக்சல். ஆகவே இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எடுத்தவற்றை நட்சத்திரங்களை வைத்தே அடுக்கலாம். அதற்கு மேல் போனால் தலையை மையமாக வைத்து அடுக்குங்கள், இல்லையென்றால் கரு ஒரு கோடாக நீளும். அடுக்கிய பின் சிரிலில் பின்னணிச் சாய்வை நீக்கினால் ஆரஞ்சு மூட்டத்துக்கு மேல் வால் எழுந்து வரும்.

இன்னொன்று: இன்று, நாளை எடுக்கும் படங்களில் தலைக்குக் கீழே, சூரியன் பக்கமாக, ஊசி போன்ற மெல்லிய கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வால்மீனின் சுற்றுப்பாதைத் தளத்தை இப்போது பூமி கடக்கிறது. பாதையில் சிதறிக் கிடக்கும் கனத்த தூசித் தகட்டை விளிம்பு வழியாகப் பார்க்கிறோம், அதுவே எதிர்வால். சில நாட்களில் மறைந்துவிடும். அதை லென்ஸ் பிரதிபலிப்பு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

---

முட்டம்_அலை | 14 அக்டோபர், காலை 8:15

தெற்கிலும் மேற்கிலும் இருப்பவர்களுக்கு: சூரியன் கடலில் மறையும் கரை தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைதான், முட்டம், குளச்சல் பக்கம். அடிவானம் சுத்தமாகத் திறந்திருக்கும், ஆனால் உப்புக் காற்று 3 டிகிரி வரை விழுங்கும். சூரியன் மறைவது சென்னையைவிட சுமார் 14 நிமிடம் பின்னால், மேலே சொன்ன நேரங்களோடு அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை முன்லென்ஸை மென்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் உப்பு கீறும்.

கோவைக்காரர்களுக்கு மேற்கே மலை. அடிவாரத்துக்குப் போகாதீர்கள், மலையிலிருந்து விலகுங்கள். 1,500 மீட்டர் எழும் மலை 15 கி.மீ. தூரத்தில் 6 டிகிரியை மறைக்கும், 30 கி.மீ. தள்ளினால் 3 டிகிரிதான். சூலூர், பல்லடம் பக்கம் நல்லது. ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் காவலூர் ஆய்வகத்தைச் சுற்றிக் கார் விளக்கைத் தாழ்த்தி ஓட்டுங்கள். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த வைணு பாப்பு, 1949இல் மாணவராக இருந்தபோது ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அந்த மலைக்குப் போய் வால்மீன் பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

---

மாடிவானம் | 16 அக்டோபர், பிற்பகல் 3:20

14ஆம் தேதி 6:28க்கு கேமராவில் கிடைத்தது, கட்டட உச்சிக்கு ஒன்றரை டிகிரி மேலே. பைனாகுலரில் தலை உறுதியாக, வால் ஒரு டிகிரி. வெறும் கண்ணுக்கு இல்லை. எல்லோருக்கும் நன்றி. நேற்றிலிருந்து மழை, இன்று சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுக்குச் சிவப்பு எச்சரிக்கை. நாளை பௌர்ணமி. வாலை நீளமாகப் பார்க்க இனி வாய்ப்பு உண்டா?

---

அந்திக்கோணம் | 16 அக்டோபர், மாலை 5:05

உண்டு. இந்த முறை உங்கள் எதிரி அந்தி இல்லை, நிலவு. அதைக் கணக்கிட்டு ஒதுக்கிவிடலாம்.

இன்றும் நாளையும் வெளியே போகவே வேண்டாம், ஏரிக்கரைப் பக்கம் அறவே கூடாது. 17, 18 தேதிகளில் மழை விட்டாலும் முழுநிலவு அந்தியிலேயே கிழக்கில் எழுந்துவிடும். 18ஆம் தேதி 6:40க்கு எழும், வானம் இருட்டவே விடாது. 19ஆம் தேதி 7:30 வாக்கில்தான் நிலவு வரும். 20ஆம் தேதி 8:25 வாக்கில். அந்தி முழுதாக முடிவது 6:57. ஆகவே 19ஆம் தேதி அரை மணி நேரம், 20ஆம் தேதி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உண்மையான இருட்டு. 21ஆம் தேதி இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஆனால் அன்று வால்மீன் இன்னும் அரை மேக்னிடியூட் மங்கியிருக்கும்.

20ஆம் தேதி ஞாயிறு. 7 மணிக்கு வால்மீன் 25 டிகிரிக்கு மேல் இருக்கும், சர்ப்பதாரி நட்சத்திர மண்டலத்தில், வெள்ளிக்கு மேலே வெகு உயரத்தில். மேக்னிடியூட் 2.5இலிருந்து 3 இருக்கலாம். 14ஆம் தேதியைவிட எண்ணில் மங்கல்தான், ஆனால் அன்று 11 டிகிரியில் காற்று மட்டுமே 2 மேக்னிடியூட் விழுங்கியது, பின்னணியில் அந்தி வெளிச்சம் வேறு. இப்போது காற்று ஒரு மேக்னிடியூட்கூட எடுக்காது, மழை கழுவிய வானம், நிலவில்லை. தலை மங்கியிருந்தாலும் வால் அன்றைவிட நீளமாகத் தெரியும்.

தாம்பரத்திலிருந்து அல்ல. வெளிச்சத்தைத் தாண்டி 60–70 கி.மீ. தென்மேற்கே, உத்திரமேரூர் பக்கம் போங்கள். 6:30க்குள் போய்ச் சேர்ந்து கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள், 20 நிமிடமாவது மொபைல் வெளிச்சம் படக்கூடாது. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு. மழைக்குப் பிந்தைய ஈரத்தில் பனி வேகமாகப் படியும், பைனாகுலரின் முன்புறம் கறுப்பு அட்டையைச் சுருட்டி 10 செ.மீ. நீளத்துக்குக் குழல் போல மாட்டிவிடுங்கள். முதலில் பைனாகுலரில் தலையைப் பிடியுங்கள், பிறகு கருவியை இறக்கிவிட்டு, அதே இடத்துக்குச் சற்று வலப்பக்கம் வெறும் கண்ணை வைத்து, வாலை மேல் நோக்கித் தொடருங்கள். எந்த நட்சத்திரம் வரை எட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள், நீளத்தை டிகிரியில் கணக்கிட்டுச் சொல்கிறேன்.